ஹேலுக்கு இரண்டு அர்த்தம்

சார், அன்றைக்கு அவள் சொன்ன பதில் சரி. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டீர்கள்.

இதைப் படிக்கும் நம் வகுப்பு ஆட்கள் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். விழாவுக்கு மலர் போடுகிறோம், எட்டாம் வகுப்பு ஞாபகம் ஒன்று எழுதிக் கொடு, இங்கிலீஷ் சாருக்கு மேடையில் சால்வை போடப்போகிறோம், அவரைப் பற்றி எழுதினால் நல்லது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டது நீங்கள்தான். ‘ஸ்வீட்டா எழுது’ என்று வேறு ஒருவர் சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்படி எழுத வராது. கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் உட்கார்ந்தவள் நான். சரியானது இந்தப் பக்கம், கோணலானது அந்தப் பக்கம். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அந்தக் குளிர்காலத்தை யோசித்துப் பாருங்கள். அப்போதெல்லாம் ஓசூரில் காலை ஒன்பது மணி வரை எதிரில் வருகிறவர் முகம் தெரியாது. பனிக்குள்ளிருந்து முதலில் கம்பெனி பஸ்ஸின் மஞ்சள் விளக்கு வரும், அப்புறம் சத்தம் வரும், அப்புறம்தான் பஸ் வரும். நமக்கு ஸ்வெட்டர் கிடையாது. காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்போம். புதிதாக வந்திருந்த சாருக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு வருவார். நாம் வைத்த பேர் ‘ரெண்டு சட்டை’. அவர் ‘என்னல சிரிப்பு?’ என்பார். அந்த ‘ல’வுக்கு இன்னும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் அகராதி. நீலத் துணி அட்டை, செங்கல் கனம், திறந்தால் பாச்சா உருண்டை வாசனை. சார் அதை வைத்து ஒரு வேலை செய்தார். பெஞ்சுக்கு ஓர் எழுத்து. முதல் பெஞ்சுக்கு ஏ, இரண்டாவதுக்கு பி. அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற, பாடப்புத்தகத்தில் இல்லாத, கஷ்டமான நாற்பது வார்த்தைகளை அந்த பெஞ்ச் அகராதியில் பார்த்து எழுதி, அர்த்தத்தோடு மனப்பாடம் செய்ய வேண்டும். பதினாறு பெஞ்ச்தான் இருந்தது. மிச்ச எழுத்துக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, ‘அதுல தொடங்குத வார்த்தய உங்ககிட்ட எவனும் பேச மாட்டான், பயப்படாதீங்க’ என்றார்.

எட்டாவது பெஞ்ச் எங்களுடையது. எட்டாவது எழுத்து எச்.

எங்கள் பெஞ்ச் என்றால் நானும் என் சிநேகிதியும். அவள் யாரென்று உங்களில் பாதிப் பேருக்கு இப்போது ஞாபகம் இருக்காது. அரைப் பரீட்சைக்கு அப்புறம் அவள் வரவில்லை. கர்நாடக எல்லையை ஒட்டின ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அவர்கள் நிலத்தில்தான் ஒரு கம்பெனி வந்தது. நிலம் போனதும் அவள் அப்பா அதே கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். பேரிங் சுற்றி வருகிற எண்ணெய்த்தாளை மகளுக்குக் கொண்டுவந்து தருவார். அந்தத் தாளில்தான் அவள் நோட்டுக்கு அட்டை போடுவாள். மழைத்தண்ணீர் பட்டாலும் ஊறாது. அவள் நோட்டைத் திறந்தால் மிஷின் வாசனை வரும். பிற்பாடு கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், பெட்டி பிரிக்கும் இடத்தில் அந்த வாசனை வந்து நான் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்.

எங்கள் வீட்டில் எச் கிடையாது. என் அப்பா சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். எங்கள் அம்மாவுக்கு அது ஓட்டல், அல்வா, ஆர்மோனியம். எனக்கு அந்த எழுத்தைச் சொல்லவே வரவில்லை.

“இன்னாடி இது, எழுத்தா இருமலா?” என்றேன்.

“உங்க வாயில காத்து இல்ல. அதான்” என்றாள். “ஒண்ணு பண்ணு. உங்க ‘பா’வை எடுத்துடு. அங்க ‘ஹா’ வை. எங்க பாஷை வந்துடும்.”

“போடி.”

“சொல்லிப் பாரு. பாலு?”

“ஆலு.”

“ஹாலு. காத்து விடு. பல்லு?”

“ஹல்லு.”

“பூவு?”

“ஹூவு.”

“புலி?”

“ஹுலி! பன்னி?”

“ஹந்தி. யாராவது ஹந்தின்னு கூப்ட்டா நீ திரும்பிப் பாரு.”

முதுகில் ஒன்று வைத்தேன். ஆனால் அன்றைக்கே எச் வந்துவிட்டது. இதை அவள் சாரிடமும் போய்ச் சொன்னாள். ‘வெளயாட்ட விட்டுட்டு இங்கிலீஷப் படிட்டி’ என்று அனுப்பிவிட்டார். என் மகள் இப்போது கல்லூரியில் மொழிப் பாடம் நடத்துகிறாள். இதைச் சொன்னபோது, ‘அம்மா, பழைய ப-தான் கன்னடத்துல ஹ ஆச்சு. அதைப் பெரிய ஆளுங்க புத்தகமா எழுதியிருக்காங்க’ என்றாள். பதின்மூன்று வயதில், யாரும் சொல்லித்தராமல், ஒருத்தி அதைப் பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். அது நம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு.

நாற்பது வார்த்தையையும் அவள் அப்படித்தான் எனக்குள் ஏற்றினாள். இன்றைக்கும் மறக்கவில்லை. ஹாப்லெஸ் என்றால் பாவப்பட்டது. அவர்கள் பாஷையில் ஹப்பள என்றால் அப்பளம். மழையில் நனைந்த அப்பளத்தை நினைத்துக்கொள் என்றாள். ஹாகர்ட் என்றால் வாடி வதங்கின முகம். ஹாகலகாய் என்றால் பாகற்காய். அதைத் தின்றவன் முகம். ஹராங் என்றால் விடாமல் கத்திப் பேசுவது. ஹரட்டெ என்றால் வெட்டிப் பேச்சு, ‘நம்ம ஹெட்மாஸ்டரு திங்கக்கெழம பேசறாரே, அது.’ ஹால்சியன் என்றால் கவலையில்லாத நல்ல காலம். ஹல்லு தெரிகிற காலம். ஹோரி என்றால் வயதாகி நரைத்தது. கன்னடத்தில் ஹோரி என்றால் காளை. அவர்கள் வீட்டுக் காளை வெள்ளை.

அந்தக் காளையிடம்தான் எல்லாம் வந்து நிற்கிறது.

அகராதியில் ஹேல் என்ற வார்த்தை இரண்டு தடவை இருந்தது. பக்கத்தில் பொடியாக ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தது. ஒன்று, நோயில்லாமல் திடமாக இருப்பது. இரண்டு, பலவந்தமாக இழுத்துக்கொண்டு போவது. நான் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடினேன். அவள் இரண்டையும் எழுதினாள்.

“ரெண்டாவதுதான்டி எனக்கு மறக்காது” என்றாள். “நெலம் போனப்புறம் ஹோரியை வித்துட்டாங்க. லாரில ஏறமாட்டேன்னு நாலு காலையும் ஊனிக்கிச்சு. மூக்கணாங்கயித்தைப் புடிச்சு நாலு பேரு இஸ்துனு போனாங்க. எங்கப்பா அந்தப் பக்கமே பாக்கல.”

அப்புறம் நோட்டில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுத்தலை வரைந்தாள்.

அந்த மாதக் கடைசியில் போட்டி என்று சார் அறிவித்தார். புதிதாக வந்த ஒரு கம்பெனியின் அதிகாரி வருவார், ஜெயிக்கிறவருக்கு அவர் கையால் பரிசு. நமக்கெல்லாம் அது மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அவளுக்கு அது வேறு. அவள் அக்கா வீட்டுக்காரர் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவ அவளுக்கு இடம் பேசி வைத்திருந்தார். அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை, மருமகனை எதிர்த்துப் பேசவும் தைரியமில்லை. ‘ஆபீசரு கையில பிரைசு வாங்கினா, இவ படிக்கிற புள்ளன்னு நான் சொல்லிடறேன். யாரு வாயும் பேசாது’ என்று மகளிடம் சொல்லியிருந்தார். ஒரு டிபன் பாக்ஸில் அவள் படிப்பு இருந்தது. அது எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள்.

போட்டி நாள். மைதானத்தில் ஷாமியானா. மேஜைமேல் அந்த நீல அகராதியும் டிபன் பாக்ஸும். சஃபாரி சூட் போட்ட அதிகாரி அடிக்கடி வாட்சைப் பார்த்தார். அவள் அப்பா காக்கிச் சட்டையோடு, ஊர் ஆட்கள் நாலைந்து பேருடன் கடைசியில் நின்றார். சார் தன் கையால் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு அவரவர் எழுத்தில் கேட்டார். தப்பாகச் சொன்னவர் இறங்க வேண்டும். பி, சி, டி எல்லாம் இறங்கினீர்கள். கடைசியில் மேடையில் நின்றது நாங்கள் இருவரும்தான்.

சார் அவளைப் பார்த்தார். “ஹேல்.”

அவளுக்கு இரண்டு இருந்தது. எதைச் சொல்வது என்று யோசித்திருப்பாள். அதற்குள் கடைசியில் நின்ற அவள் அப்பாவும் ஊர் ஆட்களும் கத்த ஆரம்பித்தார்கள்.

“ஹேளே! ஹேளே!”

ஓசூர்க்காரர் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். ஹேளு என்றால் சொல்லு. ஹேளி என்றால் சொல்லுங்கள். ஹேளே என்றால் சொல்லுடி. பெற்றவர் தன் மகளைச் சொல்லுடி என்று தைரியப்படுத்தினார். அவ்வளவுதான். சாருக்குக் கன்னடம் தெரியாது. தான் சொன்ன ‘ஹேல்’ என்ற வார்த்தையைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நாம் தினமும் செய்துகொண்டிருந்தது அதைத்தானே.

“யாருல அங்க கூத்தடிக்கது?” என்று கத்தினார். அந்த ‘ல’வுக்கு நாம் வழக்கம்போலச் சிரித்தோம். அவர் முகம் கறுத்துப்போனது.

அவள் பதில் சொன்னாள். “பலவந்தமா இஸ்துனு போறது சார்.”

“என்னது?”

“இஸ்துனு போறது சார்.”

“இஸ்தா? அது என்ன பாஷட்டி?”

“தமிழு சார்.”

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். இழுத்துக்கொண்டு போவதை நம் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் ஊரில் அப்படிச் சொல்வதில்லை போலிருக்கிறது. கூட்டம் முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சார் பட்டியலைப் பார்த்தார்.

“தப்பு. எறங்கு.”

“ரெண்டு இருக்குது சார். டிக்ஷனரில ரெண்டாவதா போட்டிருக்குது.”

“எறங்குன்னேன்.”

“பாத்துட்டுச் சொல்லுங்க சார். இங்கதான இருக்குது.”

அகராதி கை எட்டும் தூரத்தில் இருந்தது. சார் அதை எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் காலை ஊன்றிக்கொண்டாள். படிக்கட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்க் கீழே விட்டார். இரண்டு கண்ணாடி வளையல் உடைந்து மேடையில் கிடந்தது. அவள் சொன்ன அர்த்தத்தை அவளை வைத்தே எல்லாருக்கும் செய்து காட்டினீர்கள் சார். அப்போதும் தப்பு என்றீர்கள்.

திரும்பி என்னிடம் வந்தார். “நீ சொல்லு. ஹேல்.”

எனக்கு இரண்டும் தெரியும். அவள் சொன்னது சரி என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அங்கே இருந்த ஒரே ஆள் நான். டிபன் பாக்ஸில் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: “நோய் நொடி இல்லாம திடமா இருக்கறது சார்.”

“சரி” என்றார்.

சரி என்பது தமிழிலும் சரிதான், கன்னடத்திலும் சரிதான், தெலுங்கிலும் சரிதான். அன்றைக்கு மேடையில் பேசியதில் அவள் அப்பாவுக்கு முழுசாகப் புரிந்த வார்த்தை அது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பரிசு வாங்கினேன். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அந்த டிபன் பாக்ஸில் நான் ஒரு நாளும் சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். பத்தாவது முடிக்கும் வரை அதில்தான் சோறு கொண்டுபோனேன்.

அவள் அதற்கப்புறம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து சார் என்னை அகராதி எடுத்துவரச் சொல்லி அலமாரிச் சாவியைக் கொடுத்தார். எங்கள் பக்கத்தைத் திறந்தேன். ஹேல், இரண்டாவது. அதன் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு. நம் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை வைத்திருந்தது இங்கிலீஷ் சார் ஒருவர்தான். அவர் பார்த்திருக்கிறார். பார்த்துக் கோடும் போட்டிருக்கிறார். நம் வகுப்பில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அகராதியை மூடி அவர் மேஜையில் வைத்தேன். நானும் சொல்லவில்லை.

இத்தனை வருஷமும் எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். போன மாதம் விழாவுக்குக் கூப்பிட அவளைத் தேடிப் போனேன்.

கம்பெனி ஏரியாவில், வடக்கேயிருந்து வந்த பையன்களுக்கு மெஸ் நடத்துகிறாள். கேன்டீனில் தட்டு கழுவ ஆரம்பித்து, சமையலுக்கு வந்து, இப்போது சொந்தமாக. சுவரில் கரிக்கட்டியால் மூன்று பத்தியாக வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறாள். இந்தியில் சோறு, ஒடியாவில் சோறு, கன்னடத்தில் சோறு. எது எதோடு ஒத்துப்போகிறது என்று நடுவில் கோடு. என்னைப் பார்த்ததும், “ஹந்தி! வா உள்ள” என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, நேராக உள்ளேதான் போனேன். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டிபன் பாக்ஸைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“விடுடி. நீ வாங்கலன்னா அந்த ஆபீசரு வூட்டுக்கு எடுத்துனு போயிருப்பான்” என்றாள். அப்புறம் சொன்னாள். “அந்த சாரு எங்க வூட்டுக்கு வந்தாரு, தெரியுமா உனக்கு?”

தெரியாது.

“போட்டி முடிஞ்ச ஞாயித்துக்கெழம. நடந்தே வந்திருக்காரு. கையில அந்தத் தடி புஸ்தகம். நான் இல்ல, அன்னிக்கித்தான் கேன்டீன்ல மொத நாளு. அப்பாவுக்குத் தமிழே அரைகொறை, அவரு ஊரு தமிழு ஒண்ணும் புரியல. அவருக்கு அப்பா பேசறது புரியல. புஸ்தகத்தைத் தொறந்து காட்டிக் காட்டிப் பேசினாராம். ஏதோ செவப்பா கோடு போட்டிருந்துச்சாம். பள்ளிக்கூடத்து புஸ்தகத்துல நான் கோடு போட்டு பாழ் பண்ணிட்டேன், அதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்காருன்னு அப்பா நெனச்சுட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டு, ‘தப்பாய்த்து ஸ்வாமி, இன்னு களுசல்ல’ன்னுட்டாரு. தப்பாயிடுச்சு சாமி, இனிமே அனுப்பலன்னு. ஒரு சொம்பு மோர் குடுத்தாங்களாம். குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாராம். நான் வந்ததும் எனக்கு அடி. நான் கோடே போடலடி. இன்னி வரைக்கும் அது இன்னா கோடுன்னு எனக்குத் தெரியாது.”

நான் சொன்னேன். எந்த வார்த்தையின் கீழே, எந்த எண்ணின் கீழே என்று சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் சொன்னது சரிதானா?” என்றாள்.

கேட்டீர்களா சார்? இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாள். ஐந்து பாஷை பேசுகிறவள், நூறு பேருக்குச் சோறு போடுகிறவள், அந்த ஒரு பதிலில் மட்டும் தான் தப்பு செய்துவிட்டோமோ என்று இவ்வளவு காலம் சந்தேகத்தில் இருந்திருக்கிறாள். அகராதியில் இரண்டாவதைத் தான் கண்ணால் பார்த்தது நிஜம்தானா என்றுகூட நினைத்ததுண்டாம்.

உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த மெஸ்ஸிலேயே இறங்கிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ரெண்டு சட்டைக்காரர், இருபத்தைந்து வயது, ஊரில் ஒருவரும் தெரியாது, சுற்றி யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிற ஆள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் லைனில் இந்திப் பெண்கள் சேர்ந்தபோது ஒருத்தி சிரித்தாள் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. நீங்கள் செங்கல் கனத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூரம் நடந்திருக்கிறீர்கள். தப்பை ஒத்துக்கொள்ளத்தான் போனீர்கள். புரியவைக்க முடியாமல் மோர் குடித்துவிட்டுத் திரும்பினீர்கள். அதை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மிச்சப் பாதிக் கோபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனீர்கள், சரி. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தீர்களே. கன்னடமும் தமிழும் தெரிந்தவர் அங்கே பாதிப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள். எங்களிடம் ஒத்துக்கொள்ள உங்களுக்குக் கூச்சம். எல்லார் முன்னாலும் இழுத்தீர்கள், யாரும் இல்லாத இடத்தில் போய்ச் சொன்னீர்கள். அது கணக்கில் சேராது.

அவள் விழாவுக்கு வருகிறாள். முதலில் வரமாட்டேன் என்றாள். அப்புறம், “வரேன். அந்த ஆளு மறுபடி கையைப் புடிச்சு இஸ்துடக்கூடாது, சொல்லிடு” என்று சிரித்தாள். முன்வரிசையில் என் பக்கத்தில்தான் உட்காருவாள், எட்டாவது பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. சால்வை போட்டதும் உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். நம் பள்ளிக்கூடத்தின் பெருமை, அந்தக் கால ஒழுக்கம் என்று எதுவும் பேச வேண்டாம். அந்த டிபன் பாக்ஸை நான் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிறேன். எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்பதை நானே எழுந்து சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் சொல்ல வேண்டும்.

ஹேல் என்ற வார்த்தைக்கு அவள் சொன்ன அர்த்தம் சரியா, தப்பா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில்.

ஹேளி, சார்.